எத்தனை மில்லி ஒரு கப்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். கோடை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வகுப்பும் எடுப்பேன். ஓவன் சூட்டைப் பற்றிக் கேட்பவர்களைவிட, "அக்கா, இதுல 180 மில்லின்னு போட்டிருக்கே, எத்தனை கப்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு கப் எத்தனை மில்லி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்கமாக 240 அல்லது 250. எது என்பது குறிப்பை எழுதியவர் யார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கப், அவர்கள் ஊரில் பைன்ட் என்று சொல்லும் திரவ அளவில் பாதி, அதாவது 236.6 மில்லி. உணவுப் பாக்கெட்டில் அச்சடிக்க அதையே 240 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவில் கப் என்றால் 250. ஜப்பானில் 200. பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் இருக்கும் கப் 284, அது அவர்களுடைய பைன்ட்டில் பாதி. அரிசி குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் 180.

நம் கடைகளில் விற்கும் செட்டுகள் 240 அல்லது 250 என்று வருகின்றன. தமிழில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். எதை என்று பலர் சொல்வதில்லை.

குறிப்பில் எந்த நாட்டுக் கப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசனை பிடித்துவிடலாம். ஓவன் சூடு 350 டிகிரி என்று இருந்தால் அது பாரன்ஹீட். எழுதியவர் அமெரிக்கர், 240 வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயை "ஒரு ஸ்டிக்" என்றாலும் அமெரிக்காதான் (ஒரு ஸ்டிக் அரை கப், 113 கிராம்). சூடு 180 டிகிரி செல்சியஸ், மாவு கிராமில், கூடவே கப் என்று வந்தால் பெரும்பாலும் 250. ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 20 மில்லி என்று எங்காவது குறித்திருந்தால் ஆஸ்திரேலியா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மற்ற ஊர்களில் அது 15 மில்லி.

நான் வாங்கிய கப் செட்டில் மில்லி எதுவும் போடவில்லை. அதை நம்பலாமா?

நம்பாதீர்கள். நான் நம்பிக் கெட்டவள். கேக் வேலை தொடங்கிய புதிதில் பாத்திரக் கடை ஒன்றில் பளபளவென்று ஒரு ஸ்டீல் செட் வாங்கினேன். கைப்பிடியில் "1 கப்" என்று பொறித்திருந்தது, அவ்வளவுதான். மாவைத் தராசில் கிராமாக நிறுத்தினேன், மோரையும் எண்ணெயையும் அந்தக் கப்பில் அளந்தேன். கேக் மேலே வெடித்து உள்ளே வறட்டி மாதிரி வந்தது. மாவைக் குறை சொன்னேன், ஓவனைக் குறை சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தக் கப்பில் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்க்கத் தோன்றியது. தராசு 210 என்று காட்டியது! குறிப்பு கேட்டது 250. ஒவ்வொரு கப்புக்கும் 40 மில்லி ஈரம் குறைந்தால் கேக் என்ன செய்யும், பாவம்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. மாவையும் அதே 210 கப்பில் அளந்திருந்தால் அந்தக் கேக் பெரிதாகக் கெட்டிருக்காது. அளவு கொஞ்சம் சிறியதாக வந்திருக்கும், அவ்வளவுதான். கப் சின்னதாக இருந்தது பெரிய தப்பு இல்லை. பாதியைக் கிராமில், பாதியைக் கப்பில் என்று கலந்து அளந்ததுதான் தப்பு. எல்லாம் கப்பில் என்றால் ஒரே கப்பில். கிராம் ஒன்று உள்ளே வந்துவிட்டால், அந்தக் கப் எத்தனை மில்லி என்று தெரிந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் வீட்டுக் கப்பை எப்படிச் சோதிப்பது?

எலெக்ட்ரானிக் தராசு இருந்தால் இரண்டு நிமிட வேலை. காலிக் கப்பைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். விளிம்பு வரை வந்ததும் நிறுத்திவிடுங்கள். விளிம்புக்கு மேலே உப்பலாக நிற்கும் வரை ஊற்றினால் சில மில்லி கூடிவிடும். இப்போது தராசு காட்டும் கிராம்தான் உங்கள் கப்பின் மில்லி, ஏனென்றால் ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம்.

வகுப்பில் ஒரு கல்லூரிப் பெண், "சூடான தண்ணீர் எடை குறையுமே அக்கா" என்றாள். சரிதான். வேலூரில் மே மாத மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. 40 டிகிரித் தண்ணீர் 250 மில்லிக்கு 248 கிராம்தான் இருக்கும். இரண்டு கிராம். கேக்குக்கு இது தெரியாது, நீங்களும் கவலைப்பட வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால் பானைத் தண்ணீரில் அளந்துகொள்ளுங்கள்.

அளந்த எண்ணைக் கப்பின் அடியில் அழியாத மார்க்கரில் எழுதிவிடுங்கள். என் சமையலறையில் எல்லாப் பாத்திரத்துக்கும் அடியில் ஒரு எண் இருக்கும். டபராவுக்குக்கூட.

எண்ணெயையும் பாலையும் இதேபோல் நிறுத்து மில்லி பார்க்கலாமா?

தண்ணீருக்கு மட்டும்தான் ஒன்றுக்கு ஒன்று. எண்ணெய் லேசு. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 910 கிராம் என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். ஆகவே 250 மில்லி எண்ணெய் சுமார் 228 கிராம். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், 250 மில்லிக்கு 257, 258 கிராம் வரும். தேன் 350 கிராமைத் தாண்டிவிடும். குறிப்பில் தேன் 100 கிராம் என்று இருந்து நீங்கள் 100 மில்லி ஊற்றினால் நாற்பது கிராம் கூடுதல். இனிப்பு திகட்டும்.

அரை லிட்டர் பால் பாக்கெட் எத்தனை கப்?

250 கப்பில் சரியாக இரண்டு. 240 கப்பில் இரண்டு கப்பும், மேலே நான்கு டீஸ்பூனும். ஒரு லிட்டர் என்றால் முதலாவதில் நான்கு கப். இரண்டாவதில் நான்கு கப்பும் எட்டு டீஸ்பூனும். 750 மில்லிக்கு மூன்று கப், அல்லது மூன்று கப்போடு இரண்டு டேபிள்ஸ்பூன். பால்கோவா கிண்டுகிறவர்கள் இந்தக் கடைசித் துளிகளைப் பற்றி யோசிக்க வேண்டாம். எப்படியும் சுண்டத்தான் போகிறது.

100, 150, 200 மில்லி என்று வரும்போதுதான் குழப்பமாக இருக்கிறது.

கப்பை உடைத்து மனப்பாடம் செய்துகொண்டால் குழப்பம் போய்விடும். 240 கப் இதற்கு ரொம்ப வசதி, ஏனென்றால் இரண்டு, மூன்று, நான்கு, எட்டு என்று எப்படி வகுத்தாலும் முழு எண் வரும். முக்கால் கப் 180, மூன்றில் இரண்டு 160, அரை 120, மூன்றில் ஒன்று 80, கால் 60, அரைக்கால் 30. டேபிள்ஸ்பூன் 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி. ஒரு கப்புக்கு 16 டேபிள்ஸ்பூன்.

இனி சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். 100 மில்லி என்றால் மூன்றில் ஒரு கப், மேலே நான்கு டீஸ்பூன். 150 என்றால் அரை கப்பும் இரண்டு டேபிள்ஸ்பூனும். 200 என்றால் முக்கால் கப்பும் நான்கு டீஸ்பூனும்.

250 கப் வைத்திருப்பவர்களுக்கு அரை 125, கால் 62 அல்லது 63, மூன்றில் ஒன்று 83. 100 மில்லிக்குக் கால் கப்போடு இரண்டரை டேபிள்ஸ்பூன், 150க்கு அரை கப்போடு ஐந்து டீஸ்பூன், 200க்கு முக்கால் கப்போடு இரண்டரை டீஸ்பூன். உண்மையைச் சொன்னால், இத்தனை கூட்டல் போடுவதற்குப் பதில் நூறு ரூபாய்க்குள் மில்லி கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி வாங்கிவிடுவது மேல். கோட்டைப் பார்க்கும்போது ஜாடியைக் கையில் தூக்கிப் பார்க்காதீர்கள். மேடையில் வைத்து நீங்கள் குனியுங்கள். தண்ணீரின் மேல்பரப்பு ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழிவுதான் கோட்டில் நிற்க வேண்டும்.

240க்கும் 250க்கும் பத்து மில்லிதானே வித்தியாசம். விட்டுவிடக் கூடாதா?

ரசம், சாம்பார், கூட்டு, கஞ்சிக்கு விட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் கப் எடுத்து அளப்பவரைப் பார்த்தால் எங்கள் ஆயா சிரிப்பார். ஒரு கப் கேக்குக்கும் பத்து மில்லியால் ஒன்றும் ஆகாது. நான்கு கப், ஐந்து கப் என்று போகும்போது நாற்பது, ஐம்பது மில்லியாகச் சேர்ந்து நிற்கும், அங்கே மாவு இளகும்.

ஆம்பூர் பிரியாணிக்கு எத்தனை கப் தண்ணீர் என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். ஆம்பூர், வாணியம்பாடி முறையில் சீரகச் சம்பாவைத் தனியாகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, முக்கால் வேக்காட்டில் வடித்துத்தான் மசாலாவில் கொட்டி தம் போடுவார்கள். வடித்துக் கொட்டுகிற தண்ணீரை யார் அளக்கப் போகிறார்கள்? அரிசி நீந்தினால் போதும். அங்கே கவனம் முழுக்க அரிசியைக் கிள்ளிப் பார்ப்பதில்தான். குக்கரில் நேராகத் தண்ணீர் வைத்துச் செய்கிறவர்களுக்குத்தான் கப் கணக்கு. அதுவும் எத்தனை மில்லிக் கப் என்பது முக்கியமில்லை, அரிசி அளந்த அதே கப்பில் தண்ணீரையும் அளந்தால் சரி.

அரிசி குக்கரோடு வந்த கப்பை மற்ற சமையலுக்கும் எடுக்கலாமா?

எடுக்கலாம், 180 மில்லி என்று தெரிந்து எடுத்தால். 240 கப்பில் அது சரியாக முக்கால். 'கோ' என்ற ஜப்பானியப் பழைய அரிசி அளவு அது, குக்கரோடு சேர்ந்து ஊர் ஊராக வந்துவிட்டது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், "அக்கா, 180னா குவார்ட்டர் பாட்டில் அளவு" என்று விளக்கம் கொடுத்தான். வகுப்பில் அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

பாட்டி வைத்திருந்த ஆழாக்கு, படி இதெல்லாம் எத்தனை கப்?

எனக்குப் பிடித்த கேள்வி. வாய்பாடு எளிது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. எட்டுப் படி ஒரு மரக்கால். மில்லிக்கு மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. பொதுவாகச் சொல்லும் கணக்கு ஆழாக்கு 168 மில்லி, படி 1.34 லிட்டர். ஆனால் சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று ஊருக்கு ஊர் படி வேறாக இருந்தது. 1956இல் எடையளவுச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறை கடைகளுக்கு வந்த பிறகுதான் லிட்டர் என்ற ஒரே அளவு எல்லா ஊருக்கும் பொதுவானது.

எங்கள் ஆயாவின் பித்தளை ஆழாக்கு இன்னும் என் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. அடியில் நசுங்கி, விளிம்பில் ஒரு பக்கம் தேய்ந்து. தண்ணீர் ஊற்றி நிறுத்தேன், 205 கிராம். வாய்பாட்டுக் கணக்கைவிட ஒரு கை கூட. ஆக அவருடைய படி 1.64 லிட்டர், 250 கப்பில் கிட்டத்தட்ட ஆறரை. உங்கள் வீட்டு ஆழாக்கு வேறு எண் சொல்லும். அதனால் யார் சொன்ன கணக்கையும் எடுத்துக்கொள்ளாமல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. தானியத்தைத் தலைதட்டியும் அளக்கலாம், கோபுரமாகக் குவித்தும் அளக்கலாம். தண்ணீரைக் குவிக்க முடியாது. "ஒரு படி அரிசி" என்று பெரியவர்கள் சொன்னது குவித்த படியாக இருந்தால், நீங்கள் தலைதட்டி அளக்கும்போது குறையும். இட்லிக்கு நான்குக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போடுகிறவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி அளந்தால் போதும். குவித்தால் இரண்டையும் குவியுங்கள்.

கிராமை எப்படிக் கப்பாக மாற்றுவது? 250 கிராம் மைதா ஒரு கப்தானே?

இல்லை! இந்த ஒரு தவறால் வீணான மாவை வைத்து ஒரு கல்யாணமே நடத்தலாம். 250 என்பது கப் கொள்ளும் இடம், எடை இல்லை. அந்த இடத்துக்குள் மைதா சுமார் 125 முதல் 130 கிராம்தான் பிடிக்கும். ரவை 170ஐ ஒட்டி வரும். அரிசியும் சர்க்கரையும் 200 கிராம் பக்கம். மைதாவை டப்பாவில் முக்கி அள்ளினால் அழுந்தி இன்னும் கூடும். ஸ்பூனால் அள்ளிப் போட்டுக் கத்தியால் வழித்தால்தான் மேலே சொன்ன அளவு வரும். மாவு வகைகளுக்குத் தராசு, திரவத்துக்கு மில்லி. கப் இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் கட்சி.

அவுன்ஸ், பைன்ட், குவார்ட்?

அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.6 மில்லி, பிரிட்டிஷ் 28.4. சமையலுக்கு இரண்டையும் 30 என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் 'அவுன்ஸ் கிளாஸ்' என்பது இதைத்தான். பைன்ட் அமெரிக்காவில் 473, பிரிட்டனில் 568. இந்த வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் குவார்ட் 946 மில்லி, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவுன்ஸ் எடைக்கும் உண்டு, அது 28.35 கிராம். சாக்லேட் 8 அவுன்ஸ் என்றால் எடை, பால் 8 அவுன்ஸ் என்றால் ஒரு கப்.

குழந்தை மருந்தை வீட்டு டீஸ்பூனில் கொடுக்கலாமா?

கூடாது. மருந்துச் சீட்டில் 5 மில்லி என்றால் அது சரியாக 5 மில்லி. வீட்டில் காபி கலக்கும் ஸ்பூன் 3 மில்லியும் பிடிக்கும், 7 மில்லியும் பிடிக்கும். மருந்தோடு வரும் சின்ன மூடியில் 2.5, 5, 10 என்று கோடு இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். அந்த மூடி, மருந்து தீர்ந்ததும் கழுவி வைத்துக்கொண்டால், எசன்ஸ் அளக்க அருமையான கருவி.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஓஆர்எஸ். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் இது இல்லாத வீடு இல்லை. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது உப்பு கூடிப்போய் வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட் இல்லாமல் வீட்டில் கலப்பதானாலும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கேக்கில் பத்து மில்லி போனால் போகட்டும், இங்கே லிட்டர் லிட்டராகவே இருக்க வேண்டும். 250 மில்லி என்று சோதித்த டம்ளரில் நான்கு.

ஐம்பது பேருக்குப் பாயசம். பத்து லிட்டர் பாலைக் கப்பாக மாற்றித் தர முடியுமா?

முடியும், 250 கப்பில் நாற்பது, 240 கப்பில் நாற்பத்தொன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் நாற்பது தடவை கப்பில் ஊற்றினால் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை விட்டுப்போகும். அந்தக் காலத்தில் படி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கி, "ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ணுவார்கள். சத்தமாக எண்ணினால் விட்டுப்போகாது.

பெரிய அளவுக்கு லிட்டர் அளவையையே எடுங்கள். பால்காரரிடம் இருக்கும் நீண்ட கைப்பிடி அளவையில் அரசு முத்திரை குத்தியிருக்கும். விற்பனைக்குப் பயன்படுத்தும் அளவைகளைச் சரிபார்த்து முத்திரை இட வேண்டும் என்பது சட்டம். நம் கப் செட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு காலை நேரம் இரவல் வாங்கிக்கொண்டால் பால்காரர் மறுக்க மாட்டார்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறதே, அப்படியே அளக்கலாமா?

24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். நம் ஊர் மார்கழி விடியற்காலைக்கு அது போதும். உறைந்ததை ஸ்பூனால் அள்ளிக் கப்பில் போட்டால் இடையில் காற்றுப் பொந்துகள் நிற்கும், அளவு குறையும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி, உருகியதும் அளங்கள். நெய்க்கும் இதேதான்.

கப்பும் இல்லை, தராசும் இல்லை. இப்போதே அளக்க வேண்டும்.

பிரிக்காத அரை லிட்டர் பால் பாக்கெட் இருக்கிறதா? ஒரே மாதிரி இரண்டு டம்ளர் எடுங்கள். பாலைப் பாதிப் பாதியாக ஊற்றி, இரண்டையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்த்துச் சமமாக்குங்கள். ஒவ்வொன்றிலும் 250 மில்லி. பால் நிற்கும் இடத்தில் வெளியே நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக் காயவிடுங்கள். ஸ்டீல் டம்ளர் என்றால் வெளியிலிருந்து தெரியாது, கண்ணாடி டம்ளர்தான் சரிப்படும். அவ்வளவு பெரிய டம்ளர் இல்லையா, நான்காகப் பிரியுங்கள், 125 ஆகிவிடும், அரை கப். பாலைக் காய்ச்சி டீ போட்டுக்கொள்ளுங்கள்.